காடு தமிழர் காடு. கல்வி எவர் மொழியில்?

கொடைக்கானலினின்று மன்னவனூர் நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது பூம்பாறை. மலைச்சரிவைப் படிப்படியாய் வெட்டித் திருத்தி, அப் படிகளிற் பூண்டும் கிழங்கும் காய்கறியும் விளைத்து வாழும் உழவர்தம் ஊர் அது. குழந்தை வேலப்பர் கோயிலைச் சூழ அடுக்கடுக்காய் வீடுகள். வீடுகளைச் சூழ அடுக்கடுக்காய் வயல்கள். வயல்களைச் சூழக் காடு. அம் மலைப்பகுதியில் விளையும் பூண்டின் தனித்தன்மையை உலகம் ஒப்புக்கொண்டது. 2019-ஆம் ஆண்டில் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்னும் பெயரோடு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையின் பூண்டுக்கு அம் மலையின் பெயரே உரிமையாயிற்று. மலையின் அறிவுக்கு மட்டும் அம் மலையின் மொழி உரிமையாகவில்லை. அதுவே ஈண்டு எண்ணிப் பார்க்கத் தக்கது.

பூம்பாறைக் குழந்தை எழுத்தறியு முன்பே விலங்கறிகின்றது. இரவில் வயலில் இறங்கி மேய்ந்து சென்றது ஆமாவா, பன்றியா என்பதைக் காலையிற் குளம்படி கண்டே சொல்லிவிடும். மிளாவின் குரல் வேறு, கேளையாட்டின் குரல் வேறு என்று அதற்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. எந்தச் சோலையில் மலையணில் கூடு கட்டும், எந்தப் பாறைமேற் பருந்து அமரும், எந்த மாதத்தில் எந்தக் கனிக்கு எந்தப் பறவை வரும் என்பவை அதற்கு விளையாட்டோடு விளையாட்டாய் வந்த அறிவு. இவ் வறிவு முழுமையும் அதனிடம் தமிழில் உள்ளது. தமிழிலன்றி வேறெம் மொழியிலும் அஃது அதனிடம் இல்லை.

இத்தகைய பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ்வழியில் முடித்து, "காட்டுயிரியல் படிக்க விழைகிறேன்" என்று சொன்னால் அதைக் கேட்டு மகிழ வேண்டாவோ? பிறந்தது முதல் காட்டைப் படித்த ஒருவன் அக் காட்டை முறையாகவும் படிக்க விழைவதினும் பொருத்தமான படிப்பு வேறென்ன உளது? ஆயினும் அப் பிள்ளை கல்லூரி வாயிலில் முதன்முதலாய்க் காண்பது, தான் அறிந்தவை யாவும் தனக்கு அயலாய்ப் போனமையையே. ஆமா வேறொரு பெயரில் வருகின்றது. சோலை வேறோர் எழுத்தில் வருகின்றது. தன் ஊர்க்காடு தனக்கு விளங்காத மொழியில் தனக்கே கற்பிக்கப்படுகின்றது.

படிப்பும் பணியும்

முதலில் உள்ளதை உள்ளவாறு கூறுதல் வேண்டும். காட்டுயிரியல் என்பது காட்டில் உலவிக் களிக்கும் படிப்பன்று. எத்தனை விலங்குகள் உள, அவை எதை உண்கின்றன, எவ்வழியாய் நடக்கின்றன, எதனாற் குறைகின்றன என்பவற்றை எண்ணியும் அளந்தும் காணும் அறிவியல் அது. உயிரியலோடு கணக்கியலும் புள்ளியியலும் நிலப்படக் கலையும் கணிப்பொறிப் பயிற்சியும் அதற்கு வேண்டும். அட்டைக்கடியும் பனியும் மழையும் பொறுத்து மாதக்கணக்கிற் காட்டில் தங்கும் உடலுறுதியும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இப் படிப்புக்கு இடமில்லாமல் இல்லை. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரியும், உதகை அரசு கலைக்கல்லூரியும் விலங்கியலோடு காட்டுயிரியலைக் கற்பித்து வருகின்றன. மேட்டுப்பாளையத்துக் காட்டியற் கல்லூரி காடு வளர்ப்பும் காப்பும் பற்றிய பட்டம் வழங்குகின்றது. தமிழ்நாட்டுக்கு வெளியே, 1982-இல் நடுவணரசால் தேராதூனில் நிறுவப்பட்ட இந்தியக் காட்டுயிர் நிறுவனமும், பெங்களூரில் உள்ள நாட்டு உயிரியல் ஆராய்ச்சி நடுவமும் நுழைவுத்தேர்வு வைத்து மிகச் சிலரையே மேற்பட்டத்திற்குச் சேர்த்துக் கொள்கின்றன. கோவையை அடுத்த ஆனைக்கட்டியில் 1990-இல் சலீம் அலி பெயரால் தோன்றிய பறவையியல் நடுவம் இன்று தேராதூன் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

படித்தபின் என்ன பணி? காட்டுத்துறையில் காட்டுக்காவலர் முதல் உதவிக் காட்டுக்காப்பாளர் வரை மாநிலத் தேர்வுகள் உள. இந்தியக் காட்டுப்பணித் தேர்வு உளது. புலிகள் காப்பகங்களிலும் வண்டலூர் போன்ற விலங்குக் காட்சியகங்களிலும் உயிரியலாளர்க்குச் சில இடங்கள் உள. 1916-இல் தோன்றிய இந்திய விலங்கியல் அளவைத் துறையும் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சியாளரை அமர்த்துகின்றன. தனியார் அறக்கட்டளைகளும், அணை, சாலை, சுரங்கம் முதலியவற்றாற் சூழல் எவ்வாறு கெடும் என்று ஆய்ந்து கூறும் நிறுவனங்களும் உள. ஆசிரியப்பணி உளது. எனினும் இவற்றுள் நிலையான பணிகள் மிகச் சிலவே. பெரும்பாலான ஆராய்ச்சிப் பணிகள் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுத் திட்டங்களைச் சார்ந்தவை; திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். இதை மறைத்து இளைஞரை இப் படிப்பிற் சேர்ப்பவர் அவர்க்கு நன்மை செய்தவராகார். அறிந்து சேர்பவனே நிலைப்பான்.

நிலைத்தவர்க்கு எடுத்துக்காட்டும் தமிழகத்திலேயே உண்டு. நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் 1945-இற் பிறந்த ஆசிர் சவகர் தாமசு சான்சிங்கு, சிவகாசிக் கல்லூரியொன்றில் விலங்கியல் ஆசிரியராய் இருந்தவர். அவர் 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். இயற்கையில் உலவும் பெருவிலங்கொன்றை இவ்வாறு அறிவியல் முறையில் ஆராய்ந்த முதல் இந்தியர் அவரே என்பர். 1985 முதல் தேராதூன் நிறுவனத்திற் பணியாற்றிக் காட்டுயிரியலாளர் ஒரு தலைமுறையையே உருவாக்கி, 2024-இல் மறைந்தார். செந்நாயைக் கொடிய விலங்கென்று கொன்று குவித்த காலம் போய், காட்டின் சமன்பாட்டிற்கு அது வேண்டும் என்று உணரும் காலம் வந்தமைக்கு அத்தகையோர் உழைப்பும் ஒரு கரணியம். நாங்குநேரியிற் பிறந்தவரால் இயன்றது பூம்பாறையிற் பிறந்தவரால் இயலாதோ?

இடையில் நிற்கும் சுவர்

இயலும், ஆனால் இடையில் ஒரு சுவர் நிற்கின்றது. அதன் பெயர் மொழி.

இந்திய ஆட்சிப்பணித் தேர்வை ஒருவன் தமிழில் எழுதலாம். மாவட்ட ஆட்சித்தலைவனாகவும் காவல்துறைத் தலைவனாகவும் விழைபவன் முதன்மைத் தேர்வில் தன் தாய்மொழியிலேயே விடையிறுக்கச் சட்டம் இடந்தருகின்றது. ஆனால் அதே தேர்வாணையம் நடத்தும் இந்தியக் காட்டுப்பணித் தேர்வின் முதன்மைத் தாள்கள் யாவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெறல் வேண்டும். அதற்கு மேலும், பொது ஆங்கிலத்திற்கெனத் தனித்தாள் ஒன்று 300 மதிப்பெண்ணுக்கு உளது. எழுத்துத் தேர்வின் மொத்தம் 1,400 மதிப்பெண். அதில் 300 ஆங்கிலப் புலமைக்கே! முதனிலைத் தேர்வின் வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அமைகின்றது. ஆட்சித்தலைவன் தமிழில் எழுதலாம், காட்டலுவலன் எழுதலாகாது என்பதற்கு என்ன ஏரணம்? யானைக்கும் புலிக்கும் ஆங்கிலந்தான் விளங்குமோ? காட்டலுவலன் நாடோறும் பேச வேண்டியவர் பளியரும் புலையரும் மலையுழவரும் அல்லரோ? அவரோடு பேசவேண்டிய மொழியை அறியாதவன் தேர்ச்சி பெறலாம்; அம் மொழியை மட்டும் நன்கறிந்தவன் தேர்வே எழுதலாகாது!

மாநிலத் தேர்வில் வேறொரு வகையில் இச் சுவர் எழுகின்றது. தமிழ்வழியிற் கற்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது, வரவேற்கத்தக்க சட்டம். 2020-இல் அது திருத்தப்பட்டு, தொடக்கப்பள்ளி முதல் அப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை முழுமையும் தமிழ்வழியிற் கற்றவர்க்கே அம் முன்னுரிமை என்றாயிற்று. இதுவும் போலிகளைத் தடுத்தற்பொருட்டு வேண்டியதே. ஆனால் விளைவைக் காண்க. பூம்பாறைப் பிள்ளை பன்னிரண்டாண்டு தமிழில் கற்கின்றான். காட்டுயிரியலை ஆங்கில வழியில் மூன்றாண்டு கற்றால், பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட பணிக்கு அவனுடைய பன்னிரண்டாண்டுத் தமிழ்க்கல்வி கணக்கில் வாராமற் போகின்றது. காட்டுக்கென்றே அமைந்த படிப்பைத் தேர்ந்தமையாலேயே காட்டுத்துறைப் பணியிற் கிடைக்கத்தக்க முன்னுரிமையை அவன் இழக்கின்றான்! குற்றம் சட்டத்தினது அன்று. அப் படிப்பைத் தமிழில் வைக்காத கல்வித் துறையினது.

ஒரே திருத்தத்தில் இரண்டு பறிப்பு

இச் சுவரை எழுப்பியவர் யார் என்று தேடின் 1976-ஆம் ஆண்டிற் போய் நிற்க வேண்டியிருக்கும். நெருக்கடிக் காலத்தில் நிறைவேறிய 42-ஆம் சட்டத்திருத்தம், அதுவரை மாநிலங்களுக்கே உரியவாய் இருந்த சில துறைகளைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிற்று. அவற்றுள் ஒன்று கல்வி. மற்றொன்று காடு. பிறிதொன்று காட்டு விலங்குகளையும் பறவைகளையும் காத்தல். கல்வி பறிபோனதைத் தமிழர் ஓரளவு அறிவர். அதைப் பற்றிப் பேசுவாரும் உளர். அதே நாளில், அதே எழுதுகோலால் காடும் காட்டுயிரும் பறிபோயின என்பதை அறிந்தவர் எத்தனையர்? காட்டுயிர்க் கல்வி என்பது இவ் விரண்டும் கூடும் இடம். இரண்டும் பறிபோன பின்னர் அவை கூடும் இடத்தில் தமிழுக்கு இருக்கை இல்லாமற் போனது வியப்பன்று.

இருக்கையின்மை ஒருபுறம்; வந்தேறும் பெயர் மறுபுறம். 1980-ஆம் ஆண்டின் காட்டுக்காப்புச் சட்டத்தை 2023-இல் திருத்திய நடுவணரசு, அதன் பெயரையே 'வன் (சன்ரக்சன் ஏவம் சம்வர்தன்) அதிநியம்' என்று மாற்றியது. ஆங்கிலச் சட்டத்தின் தலைப்பில் இந்தி! பூம்பாறை உழவன் தன் வயலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட எல்லையை எச் சட்டம் ஆள்கின்றது என்று அறிய விரும்பினால், அதன் பெயரையே அவனால் ஒலிக்க இயலாது.

சொல்லில் உள்ள அறிவு

வெளியார் செய்தது இது. உள்ளார் செய்வது என்ன? தமிழ்நாட்டு அரசின் துறைக்குப் பெயர் 'வனத்துறை'. 2013-இல் ஏறத்தாழ 609 சதுரக் கி.மீ. பரப்புடன் கொடைக்கானலில் அமைந்த காப்பிடத்திற்குப் பெயர் 'வனவிலங்கு சரணாலயம்'. காடு, கான், அடவி, பொழில், சோலை, கா, தண்டலை, முளரி, இறும்பு என்று நிலத்திற்கும் அடர்த்திக்கும் ஏற்பச் சொற்குவை வைத்துள்ள மொழிக்கு 'வனம்' எதற்கு? புகலிடம் என்னும் இனிய சொல் இருக்கச் 'சரணாலயம்' எதற்கு? கானுயிர்ப் புகலிடம் என்று பலகை எழுதினால் ஆமாக்கள் உள்ளே வாராவோ? 'புலிகள் காப்பகம்' என்று நல்ல தமிழில் எழுத முடிந்தவர்க்கு இது மட்டும் ஏன் முடியவில்லை?

இது வெறுஞ் சொற்பற்று அன்று. சொல்லில் அறிவும் உள்ளது. ஓர் எடுத்துக்காட்டு. கொடைக்கானல் தெருக்களிலும் பூம்பாறை வயல்களிலும் இறங்கும் பேருருவ விலங்கைச் செய்தித்தாள்கள் 'காட்டெருமை' என்றே எழுதுகின்றன. அஃது எருமை இனத்தைச் சார்ந்ததன்று, பசுவினத்தைச் சார்ந்தது. காட்டெருமை என்பது வேறொரு விலங்கு. பழந்தமிழ்ச் சான்றோர் அதனை 'ஆமா' என்றனர். ஆ என்பது பசு. மா என்பது விலங்கு. ஆமா என்ற ஈரெழுத்துச் சொல்லில் அதன் இனம் பிழையறப் பொதிந்துள்ளது. மலைவாழ் மக்கள் 'காட்டுமாடு' என்பதும் சரியே. படித்தவர் எழுதும் சொல் பிழை. படியாதவர் பேசும் சொல் சரி!

மற்றோர் எடுத்துக்காட்டு வரையாடு. வரை என்பது செங்குத்துமலை. பழனிமலையின் செங்குத்துச் சரிவுகளிலும் சிறு கூட்டங்களாய் வாழும் அவ்விலங்கு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. நெடுநாள் அதனை இமயமலைத் தார் ஆட்டோடு ஒரே பேரினத்தில் வைத்து அறிவியலார் எண்ணி வந்தனர். 2005-இல் நடந்த மரபணு ஆராய்ச்சி, அது செம்மறியினத்துக்கே நெருங்கியது என்று காட்டி, தனிப் பேரினமாய்ப் பிரித்தது. தமிழில் 'ஆடு' என்னும் சொல் வெள்ளாட்டையும் செம்மறியையும் ஒருங்கே தழுவுவது. ஆகலின் அறிவியல் மாறியபோதும் வரையாடு என்னும் பெயர் பொய்த்திலது. இதனாற் பழந்தமிழர் மரபணு ஆராய்ந்தனர் என்று பிதற்ற வேண்டா. கூர்ந்து நோக்கி, வாழிடத்தையும் இயல்பையும் கொண்டு பெயரிட்டனர் என்று உணர்ந்தாற் போதும். நோக்கலும் பெயரிடலும் அன்றோ காட்டுயிரியலின் முதற் படி?

மூன்றாவது எடுத்துக்காட்டு 'சோலை'. மலையுச்சிப் பள்ளத்தாக்குகளில் புல்வெளியிடையே அடர்ந்து நிற்கும் பசுமைமாறாக் காட்டுக்கு உலக அறிவியல் நூல்களில் வழங்கும் பெயர் இத் தமிழ்ச் சொல்லே. 2017-இல், இம் மலைகளின் சோலைகளில் மட்டுமே வாழும் சிறு பறவைக் குடியொன்றுக்கு ஆராய்ச்சியாளர் 'சோலிகோலா' என்று புதிய பேரினப் பெயர் சூட்டினர். சோலையில் உறைவது என்பது அதன் பொருள். பழனிமலைச் சோலைகளில் வாழும் வெண்வயிற்றுச் சோலைக்கிளி அப் பேரினத்ததே. 'சோலைக்கிளி' என்னும் பெயரும் ஆங்கிலப் பறவைப் பட்டியல்களில் ஏறிவிட்டது. இலத்தீனம் தமிழ்ச்சொல்லை ஏற்கின்றது, ஆங்கிலம் ஏற்கின்றது, தமிழ்நாட்டுக் கல்லூரி மட்டும் ஏற்க நாணுகின்றது!

தமிழில் இயலுமோ என்பார்க்கு

"அறிவியலின் மொழி ஆங்கிலம், ஆராய்ச்சியிதழ்கள் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன, தமிழிற் கற்றவன் உலகோடு எவ்வாறு உறவாடுவான்?" என்று வினவுவார் உளர். வினாவில் ஒரு பகுதி உண்மை. உலக ஆராய்ச்சியை அறியவும், தன் ஆராய்ச்சியை உலகுக்கு அறிவிக்கவும் ஆங்கிலம் வேண்டும், அதை நன்கு கற்க, கருவியாகக் கற்க. ஆனால் கருவி வேறு, அடித்தளம் வேறு. செருமானியனும் சப்பானியனும் தம் காட்டைத் தம் மொழியிற் கற்றுப் பின்னர் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அவர்தம் அறிவியல் அதனாற் குறைந்ததோ?

தமிழில் நூல் இல்லை என்பதும் பொய். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்தில் இயற்கையறிஞர் மா. கிருட்டிணன் பறவைகள் பற்றித் தெளிந்த தமிழில் எழுதினார். பி.எல். சாமி, கழக நூல்களில் வரும் விலங்கும் புள்ளும் செடிகொடியும் இன்னின்னவை என்று அறிவியல் நோக்கில் ஆராய்ந்து தனித்தனி நூல்கள் ஆக்கினார். க. இரத்தினம் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டினார். தியடோர் பாசுகரன் கானுயிர், வாழிடம் போன்ற சொற்களைப் பரப்பிப் பல கட்டுரைகள் வரைந்துள்ளார். 1960-இல் கோவை அரசு கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கியதன் பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்கள் பல வெளியிட்டது. அவற்றுள் விலங்கியல் நூல்களும் அடங்கும். 2010-இற் பொறியியலே தமிழில் தொடங்கப் பெற்றது. இல்லாதது நூல் அன்று. இருக்கும் நூலைப் பாடமாக்கும் உள்ளம்.

ஈண்டுத் தனித்தமிழ் அன்பரும் தம் பங்குக் குற்றத்தை ஒப்புதல் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அறையினுள் அமர்ந்து, ஆங்கில அகரமுதலியைப் புரட்டிப் புதுச்சொல் படைத்துப் பட்டியல் இடுவது எளிது. அப் பட்டியலில் உள்ள விலங்கை ஒருநாளும் கண்டிராதவர் படைத்த சொல் பெரும்பாலும் பட்டியலிலேயே மடிகின்றது. குக்கலில் தேனெடுக்கும் பளியர் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் வைத்துள்ளார். பூம்பாறை உழவர் ஒவ்வொரு களைக்கும் பூச்சிக்கும் பெயர் வைத்துள்ளார். அப் பெயர்களைச் சென்று கேட்டு எழுதாமல், இருக்கும் சொல்லுக்குப் புதுச்சொல் படைப்பது வீண். முதியவர் ஒருவர் மறையுந்தோறும் அச் சொற்குவையில் ஒரு பகுதி மறைகின்றது. தமிழ்காக்கப் புறப்பட்டவர் முதலில் மலையேறுதல் நன்று.

இழப்பது சொல் மட்டுமன்று

மொழி காட்டினின்று அயன்மைப்பட்டால் இழப்பு மொழிக்கு மட்டுமன்று, காட்டுக்கும் இழப்பே. பழனிமலையின் புல்வெளிகளை நாற்பதாண்டு ஒப்பிட்டு ஆராய்ந்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. 1973-இல் இருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு 2014-க்குள் மறைந்து விட்டது என்பது அதன் முடிவு. சீகையும் யூகலிப்டசும் ஊசியிலை மரமும் வரிசையாய் நட்டமையும், வேளாண்மை விரிந்தமையும் அதற்குக் கரணியங்கள். புல்வெளியைத் தரிசு என்று கருதி மரம் நட்டவர் திட்டம் தீட்டியது மலைக்கு வெளியே. புல்வெளி ஊற்றைக் காக்கும் என்றும், ஆமாவும் வரையாடும் புல்லையே நம்பி வாழும் என்றும் அறிந்திருந்த மலைமக்களை எவரும் கேட்டாரிலர். கேட்டிருப்பினும் அவர்தம் விடையை ஏட்டில் ஏற்றும் மொழி அலுவலகத்தில் இல்லை. இன்று புல் குறைந்த ஆமா பூண்டு வயலுக்கு வருகின்றது. உழவன் இழப்பீடு கேட்டு அலைகின்றான். ஆமாவின் மேல் உழவனுக்குச் சினம். உழவன் மேல் அலுவலர்க்கு ஐயம். இருவர்க்கும் இடையே நின்று, விலங்கின் இயல்பையும் உழவனின் இழப்பையும் இருவர்க்கும் விளங்கச் சொல்லத்தக்கவன் யார்? அவ்வூரிற் பிறந்து அவ்வறிவியல் கற்றவன் அல்லனோ?

அத்தகையோர்க்கு இன்று வேலையும் காத்திருக்கின்றது. தமிழ்நாட்டரசு 2022-இல் 25.14 கோடி உருபா ஒதுக்கி வரையாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது, 2023-இல் தொடங்கிற்று. 1975-இல் வரையாட்டை ஆராய்ந்த தாவீதாரின் நினைவாக அக்தோபர் 7-ஆம் நாளை வரையாட்டு நாளாகவும் வகுத்தது. 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் காணப்பட்டன. இக் கணக்கெடுப்புகளில் வழிகாட்டியாய், சுமைதூக்கியாய், பாறையேறியாய் மலைமக்கள் செல்கின்றனர். கணக்கை எழுதுபவராய் அவர்தம் மக்கள் செல்வது எந்நாள்?

வேண்டுவன

வேண்டுவன பெரியவை அல்ல. காட்டுயிரியல் கற்பிக்கும் அரசுக் கல்லூரிகளில் ஆங்கிலப் பிரிவோடு தமிழ்வழிப் பிரிவும் தொடங்கப்பெறல் வேண்டும். அதற்குரிய பாடநூல்களைப் பாடநூல் நிறுவனம் வெளியிட, கலைச்சொற்களை மலைமக்களிடமும் பழநூல்களிலும் திரட்டித் தருதல் வேண்டும். இந்தியக் காட்டுப்பணித் தேர்வைத் தமிழில் எழுதும் உரிமைக்காகத் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் வாதிடல் வேண்டும். ஆட்சிப்பணித் தேர்வுக்கு இசைந்த ஆணையம் இதற்கு இசையாமைக்குக் கரணியம் கூற வேண்டும். தமிழ்நாட்டுக் காட்டில் ஆராய்ச்சி செய்ய இசைவு பெறுபவர் எவராயினும், தம் முடிவின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி அவ்வூர் மன்றத்தில் வைத்தல் கட்டாயம் ஆதல் வேண்டும். திட்டப் பணிகளில் மலையூர்ப் பட்டதாரிகட்கு முன்னுரிமை வேண்டும். துறைப்பெயரும் பலகையும் நல்ல தமிழுக்கு மாறல் வேண்டும். இவை யாவற்றுக்கும் அடிப்படையாய்க் கல்வியும் காடும் மீண்டும் மாநிலப் பட்டியலுக்குத் திரும்பல் வேண்டும்.

இளைஞர்க்கும் ஒரு சொல். தமிழ்வழியிற் கற்றமை குறையன்று. பிறந்தநாள் முதல் காட்டோடு பெற்ற அறிவு எந் நுழைவுத்தேர்விலும் வாங்க முடியாத முதல். ஆங்கிலத்தை அஞ்சாது கற்க. கணக்கையும் புள்ளியியலையும் விடாது கற்க. ஆனால் ஊரில் கேட்ட விலங்குப் பெயரைக் கல்லூரியில் மறவாதிருக்க. குறிப்பேட்டில் இலத்தீனப் பெயருக்கு முன் தமிழ்ப் பெயரை எழுதுக. தாத்தாவும் அப்பத்தாவும் சொன்னதைத் தேதியிட்டு எழுதிவைக்க. அதுவே முதல் ஆராய்ச்சி.

குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும். கொடைக்கானல் மலையில் 2018-இற் பூத்தது. மீண்டும் 2030-இற் பூக்கும். 2018-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பூம்பாறைக் குழந்தை, குறிஞ்சி மீண்டும் பூக்கும் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரி வாயிலில் நிற்கும். ஒரு செடி பூத்து அடங்கி மறுமுறை பூக்கும் காலமே ஒரு தமிழ்க்குழந்தையின் பள்ளிக்காலம். மலை தன் கடனைத் தவறாது செய்கின்றது. அவ் வாயில் அக் குழந்தைக்குத் தமிழில் திறக்குமாறு செய்வது தமிழர் கடன். செய்வதற்கு நாள் அருகிலேயே உளது. செய்யாமற் போனால், குறிஞ்சி பூப்பதைத் தமிழ்க்குழந்தை வேற்றுமொழிப் பாடத்திற் படித்துத் தெரிந்துகொள்ளும் நாளும் அருகிலேயே உளது.